கைவிடப்பட்ட கைப்பேசிகள்



ஒரு பொருள் தேய்ந்து பயனற்றுப் போவது இயற்கை. ஏர்க்கொழு தேய்கிறது, உலக்கையின் பூண் கழல்கிறது, சைக்கிள் சங்கிலி அறுகிறது. தேய்ந்ததைக் கொல்லனிடமோ தச்சனிடமோ கொடுத்துச் செப்பனிட்டு மீண்டும் கையாளுகிறோம். செப்பனிட முடியாத நிலை வந்தபின் ஒதுக்கிவிடுகிறோம். இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் தேயாமலும் உடையாமலும், வாங்கிய நாளில் இருந்தவாறே இருக்கின்ற ஒரு கருவி, குறிப்பிட்ட ஒரு நாளிலிருந்து பயனற்றதாக ஆகிவிடுவது மனித வாழ்க்கையில் புதிய செய்தி. இன்று நம் கைகளில் இருக்கும் கைப்பேசிக்கு அத்தகைய விதி வாய்த்திருக்கிறது. அதன் திரை பளபளக்கிறது. ஒலி தெளிவாகக் கேட்கிறது. பொத்தான்கள் பழுதின்றி இயங்குகின்றன. ஆயினும் அதைச் செய்தவர்கள் தொலைவிலுள்ள ஓர் ஊரில் கூடி, "இனி இந்தக் கருவிக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று முடிவு செய்தவுடன், அது சிறிது சிறிதாக இறக்கத் தொடங்குகிறது.

இவ்வாறு கைவிடப்பட்ட கருவிகளை, ஊதியம் கருதாமல் எடுத்துப் பேணி, உயிர் குன்றாமல் காத்துவரும் கூட்டத்தார் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் பணி எத்தகையது, அஃது எவ்வாறு இயலுகிறது, எங்கே தடைப்படுகிறது, அதனால் நமக்கு ஆவது என்ன என்பனவற்றை இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில், கெடாத கருவி ஏன் இறக்கிறது என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். கைப்பேசி என்பது உலோகமும் கண்ணாடியும் மட்டும் அன்று. அதனுள்ளே இயங்குதளம் என்ற ஒரு மென்பொருள் இருந்து எல்லா உறுப்புகளையும் ஆட்டி வைக்கிறது. அந்த இயங்குதளத்திற்குக் கேடு நான்கு வழிகளில் வருகிறது. ஒன்று, அதிலுள்ள ஓட்டைகள் நாள்தோறும் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைப்பார் இல்லையெனில் திருடர்க்கு வழி திறந்தே கிடக்கும். இரண்டு, பல கருவிகள் நிறுவனத்தின் சர்வரோடு ஓயாமல் தொடர்பு கொண்டே வாழ்கின்றன. சர்வரை நிறுத்திவிட்டால் கருவி திகைத்து நின்றுவிடும். மூன்று, புதிய செயலிகள் புதிய இயங்குதளத்தையே வேண்டுகின்றன. நான்காவது சற்று நுட்பமானது. நாம் ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது, அத்தளம் தான் இன்னார் என்பதற்கு ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அதனை நம்பலாமா என்று பார்ப்பதற்காக, நம்பத்தக்க சான்றாளர்களின் பட்டியல் ஒன்று கைப்பேசிக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. அப்பட்டியலில் உள்ள ஒவ்வொருவர்க்கும் ஒரு காலவரையறை உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று, லெட்ஸ் என்க்ரிப்ட் என்னும் அமைப்பின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த ஒரு பழைய மூலச் சான்றின் காலம் முடிவுற்றது. பட்டியல் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல, நேற்றுவரை திறந்த தளங்களை அன்று முதல் திறக்க மறுத்தன. கருவியில் ஓர் அணுவும் மாறவில்லை. உள்ளே இருந்த ஒரு தேதி மட்டுமே கடந்துவிட்டது.

ஆக, நோய் மென்பொருளில் இருக்கிறது. மருந்தும் அங்கேதான் இருக்க வேண்டும். அம்மருந்தை யார் கொடுக்க முடியும் என்பதே அடுத்த வினா.

நம் நாட்டு வைத்தியத்தை எண்ணிப் பாருங்கள். வைத்தியர் நமக்கு லேகியத்தைத் தருகிறார். லேகியத்தை உண்டு குணம் அடையலாம். ஆனால் அதைப் பார்த்து அதன் செய்முறையை அறிய இயலாது. இன்ன சரக்கு இவ்வளவு, இன்ன பதத்தில் இறக்க வேண்டும் என்ற குறிப்பு வைத்தியரிடம் இருக்கிறது. அவர் அதை எவர்க்கும் சொல்லாமல் மறைந்தால், அவரோடு மருந்தும் மறைந்துவிடும். மென்பொருளும் அவ்வாறே. மனிதர் எழுதுவது மூலநிரல். அதிலிருந்து ஆக்கி நம் கருவியில் இடப்படுவது இயந்திர நிரல். நிறுவனங்கள் பலவும் லேகியத்தை விற்றுக் குறிப்பை மறைத்துவைக்கின்றன. இவ்வழக்கத்திற்கு மாறாக, மூலநிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை இருக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு ஸ்டால்மன் க்னூ என்னும் திட்டத்தைத் தொடங்கினார். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் கருவை, எழுதி வெளியிட்டார். பின்னர் அது ஸ்டால்மன் வகுத்த உரிமத்தின்கீழ் வழங்கப்பட்டது. திருத்தி விற்பவன் திருத்திய மூலநிரலையும் பெறுவோர்க்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது அவ்வுரிமத்தின் உயிர்நாடி. இன்று உலகில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் யாவும் இந்த லினக்ஸ் கருவின்மேல் நிற்பவையே. கைவிடப்பட்ட கருவிகளைக் காப்பவர்களுக்கு முதற் படைக்கலம் இதுதான்.

இனி, நடந்த வரலாறுகள் சிலவற்றைப் பார்ப்போம்.

கைக்கணினிகளுக்குப் பெயர் பெற்ற பாம் என்னும் அமெரிக்க நிறுவனம், 2009 ஜூன் மாதத்தில் பிரீ என்ற கைப்பேசியை வெளியிட்டது. அதில் இருந்த இயங்குதளம் வெப்ஓஎஸ். திறந்திருக்கும் ஒவ்வொரு செயலியையும் ஒரு சீட்டுப் போலத் திரையில் பரப்பிக் காட்டும் முறையும், வேண்டாததை விரலால் மேலே தள்ளி மூடிவிடும் முறையும் அதில் அழகாக அமைந்திருந்தன. இன்று நாம் எல்லாக் கைப்பேசிகளிலும் அதைப் போலவே செய்கிறோம். அதற்கு முன்னோடி யார் என்பதை மறந்துவிட்டோம். 2010-இல் ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனம் பாம் நிறுவனத்தை 120 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது. 2011 ஜூலை 1 அன்று டச்பேட் என்ற டேப்லெட் விற்பனைக்கு வந்தது. ஆகஸ்ட் 18 அன்று, அதாவது ஏழு வாரங்கள் நிறைவதற்குள், வெப்ஓஎஸ் கருவிகளைச் செய்வதையே நிறுத்திவிட்டதாக அந்நிறுவனம் அறிவித்தது. 499 டாலர் விலை சொல்லப்பட்ட கருவி 99 டாலருக்கு விற்றுத் தீர்க்கப்பட்டது. வாங்கியவர்கள் கையில் ஒரு நல்ல கருவி இருந்தது. அதற்கு நாளை என்பது இல்லாமற் போயிற்று.

இங்கேதான் தன்னார்வலர்கள் வருகிறார்கள். இரண்டே மாதங்களில், 2011 அக்டோபரில், சயனோஜன்மோட் என்ற திறந்த ஆண்ட்ராய்டுப் பதிப்பை டச்பேடில் ஓடச் செய்தார்கள். தொடக்கத்தில் அது குறைபாடுகளுடன்தான் ஓடியது. பின்னர்ப் படிப்படியாகத் திருந்தியது. ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனமும் 2011 டிசம்பரில் வெப்ஓஎஸ் மூலநிரலைத் திறந்து தருவதாக அறிவித்து, 2012 செப்டம்பரில் முதற் பதிப்பை வெளியிட்டது. அந்த நிரலை எடுத்துக்கொண்டு, வெப்ஓஎஸ் போர்ட்ஸ் என்னும் குழுவினர் லூன்ஓஎஸ் என்ற இயங்குதளத்தை ஆக்கி, 2014-இல் அதன் முதற் பதிப்பைக் கொடுத்தனர். பதிப்புகளுக்கு அவர்கள் காப்பி வகைகளின் பெயர்களை அகர வரிசையில் சூட்டிவந்தனர் என்பது சுவையான செய்தி. மறுபுறம், 2013-இல் வெப்ஓஎஸ் உரிமையை எல்ஜி நிறுவனம் வாங்கித் தன் தொலைக்காட்சிப் பெட்டிகளில் அமைத்தது. கைப்பேசியில் பிறந்த குழந்தை, தொலைக்காட்சியில் வளர்ந்தது எனலாம்.

ஆனால் பழைய கருவிகளுக்குப் பெருஞ்சோதனை ஒன்று காத்திருந்தது. 2015 ஜனவரி 15 அன்று அவற்றின் சர்வர்கள் நிறுத்தப்பட்டன. வெப்ஓஎஸ் கருவி ஒன்றை முற்றாகத் துடைத்துப் புதிதாகத் தொடங்கினால், அது முதலில் சர்வரை அழைத்து உரியவரின் கணக்கைச் சரிபார்த்த பிறகே உள்ளே விடும். சர்வர் இல்லையெனில் வாசலிலேயே நின்றுவிட வேண்டியதுதான். செயலிகள் வைக்கப்பட்டிருந்த கடையும் அன்றே மூடப்பட்டது. இந்நாள் வரப்போகிறது என்பதை அறிந்த அன்பர்கள் முன்னரே விழித்துக்கொண்டனர். கணக்குச் சரிபார்ப்பைத் தாண்டிச் செல்லும் வழியை ஆக்கி வைத்திருந்தனர். செயலிகளைப் படியெடுத்துச் சேமித்தனர். அவற்றைப் பிற்காலத்தில் ஒரு காட்சிசாலை போல அடுக்கி, இன்றும் பழைய கருவியிலிருந்தே எடுத்துக்கொள்ளுமாறு செய்தனர். நம் முன்னோர் ஓலை செல்லரிக்கும் முன்னே புதிய ஓலையில் படியெடுத்து வைத்திராவிடில், உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியிருக்க முடியுமா? படியெடுப்பவன் பெயர் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆனால் நூல் அவனால்தான் நிற்கிறது.

மூலநிரலைத் திறந்துவிட்டாலே போதும், எல்லாம் நலமாக முடியும் என்று கருதிவிடலாகாது. சிம்பியன் இயங்குதளத்தின் வரலாறு அதற்குச் சான்று. நோக்கியாக் கைப்பேசிகளில் கோடிக்கணக்கானோர் கண்ட அந்த இயங்குதளத்தின் மூலநிரல் 2010 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ நான்கு கோடி வரிகள் கொண்டது என்று அப்போது கூறப்பட்டது. அத்தனை பெரிய காட்டுக்குள் வெளியார் புகுந்து வழி கண்டுபிடிப்பதற்குக் காலம் வேண்டும். அக்காலம் கொடுக்கப்படவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் சிம்பியன் அறக்கட்டளையின் இணையதளங்கள் மூடப்பட்டன. படியெடுத்து வைத்தவர்களிடம் நிரல் இருக்கிறது. ஆனால் அதைத் தொடர்ந்து வளர்க்கும் பெருங்கூட்டம் உருவாகவில்லை. ஆயினும் அதுவும் முற்றாக அழிந்துவிடவில்லை. பழைய சிம்பியன் விளையாட்டுகளையும் செயலிகளையும் இன்றைய கணினியில் ஓட்டிக்காட்டும் எமுலேட்டர் ஒன்றை அன்பர்கள் திறந்த நிரலாக எழுதியிருக்கிறார்கள். உடல் போனாலும் குரலையாவது பதிவு செய்து வைப்பது போன்றது அது. இவ்விரண்டையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். நூல் இருந்தால் மட்டும் போதாது; படிப்பாரும் இருக்க வேண்டும்.

நோக்கியாவின் மற்றொரு கருவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 2009 நவம்பரில் வெளிவந்த என்900 என்பது அது. பக்கவாட்டில் நகர்த்தினால் எழுத்துப் பலகை வெளிப்படும். 600 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 256 மெகாபைட் நினைவும் உடையது. இன்றைய அளவில் மிகச் சிறியது. அதன் இயங்குதளமாகிய மேமோ, லினக்ஸ் குடும்பத்தில் டெபியன் கிளையைச் சார்ந்தது. 2011 பிப்ரவரியில் நோக்கியா தன் வழியை மாற்றிக்கொண்டு மைக்ரோசாப்டின் விண்டோஸ் போனைத் தழுவியது. மேமோவின் வழியில் வந்த மீகோ என்ற இயங்குதளமும் என்9 என்ற ஒரே கைப்பேசியோடு நோக்கியாவில் நின்றது. அங்கிருந்து வெளியேறிய சிலர் பின்லாந்திலேயே யோல்லா என்ற சிறு நிறுவனத்தை அமைத்து, மீகோவின் வழித்தோன்றலாகச் செயில்பிஷ் என்ற இயங்குதளத்துடன் 2013 நவம்பரில் ஒரு கைப்பேசியைக் கொணர்ந்தார்கள்.

என்900 கருவியைக் கைவிட மனமில்லாதவர்களுக்கு ஒரு பெரிய இடையூறு இருந்தது. மேமோவின் பெரும்பகுதி திறந்த நிரலே. ஆனால் சில பகுதிகள் மூடியே இருந்தன. மின்கலத்தில் மின்னேற்றுவதைக் கண்காணிக்கும் நிரலும் அவற்றுள் ஒன்று. புதிய லினக்ஸ் கருவை இட்டால் திரை எரியும், விசைகள் இயங்கும், ஆனால் மின்கலம் நிறையாது. விளக்கு உண்டு, எண்ணெய் வார்க்கும் வழிதான் தெரியாது என்ற நிலை. அன்பர்கள் மின்னேற்றும் சில்லின் இயல்பை ஆராய்ந்து, அதற்கான இயக்கிகளைப் புதிதாக எழுதி, லினக்ஸ் பொதுக் கருவிலேயே சேர்த்துவிட்டார்கள். பொதுக் கருவில் ஒன்று சேர்ந்துவிட்டால் அது பின்வரும் பதிப்புகள்தோறும் தொடர்ந்து வரும். அந்த அடித்தளத்தின்மேல் மேமோ லெஸ்டே என்ற திட்டத்தார், பழைய மேமோவின் தோற்றத்தை இன்றைய லினக்ஸ் மீது மீண்டும் கட்டிவருகிறார்கள். மின்கலத்தைக் கழற்றி மாற்றலாம் என்பதும், அதே வகை மின்கலம் வேறு பல நோக்கியாக் கைப்பேசிகளிலும் பயன்பட்டதால் எளிதிற் கிடைத்தது என்பதும் இக்கருவியின் ஆயுளை நீட்டின. கருவியைச் செய்தவன் திருகாணியை எங்கே வைத்தான் என்பதைப் பொறுத்தும் அதன் ஆயுள் அமைகிறது.

உபுண்டு டச் என்பதன் வரலாறு வேறு வகையானது. கனானிக்கல் நிறுவனம் 2013 ஜனவரியில் கைப்பேசிக்கான உபுண்டுவை அறிவித்தது. அவ்வாண்டிலேயே ஒரு புதுக் கைப்பேசிக்காக மக்களிடம் 3 கோடியே 20 லட்சம் டாலர் திரட்ட முயன்றது, ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் டாலர் அளவுக்கே உறுதிமொழிகள் வந்தன, கைப்பேசி பிறக்கவில்லை. பிறகு 2015-இல் வேறு நிறுவனங்களின் கைப்பேசிகளில் உபுண்டு வெளிவந்தது. 2017 ஏப்ரல் 5 அன்று, அதன் நிறுவனர் மார்க் ஷட்டில்வர்த் அம்முயற்சியை நிறுத்துவதாக அறிவித்தார். யூபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வக் குழுவினர் அந்த நிரலைத் தங்கள் பொறுப்பில் ஏற்றுக்கொண்டனர். ஜெர்மனியில் ஓர் அறக்கட்டளையும் அமைத்தனர். அவர்கள் பொறுமை குறிப்பிடத்தக்கது. உபுண்டுவின் 16.04 பதிப்பின்மேல் இருந்ததை 20.04 பதிப்புக்கு மாற்றி 2023 மார்ச் மாதத்தில்தான் வெளியிட முடிந்தது. பெரிய நிறுவனம் கைவிட்ட பாரத்தைச் சிறு கூட்டம் சுமக்கும்போது நடை மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் நடை நிற்கவில்லை.

நம் நாட்டோடு நேரே தொடர்புடைய ஒரு செய்தியும் உண்டு. மோசில்லா அமைப்பு இணைய மொழிகளைக் கொண்டே செயலிகளை எழுதும்படி பயர்பாக்ஸ் ஓஎஸ் என்ற இயங்குதளத்தை ஆக்கியது. 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் நிறுவனம் அதனுடன் ஒரு கைப்பேசியை 1,999 ரூபாய்க்கு இந்தியாவில் விற்றது. 2015 டிசம்பரில் மோசில்லா இம்முயற்சியிலிருந்து விலகுவதாகக் கூறிற்று. ஆனால் நிரல் திறந்திருந்ததால், அதிலிருந்து கிளைத்துக் கய்ஓஎஸ் என்ற இயங்குதளம் தோன்றியது. 2017-இல் அறிவிக்கப்பட்ட ஜியோபோனில் அது புகுந்தது. பொத்தான் கைப்பேசி வைத்திருந்த பல எளிய குடும்பங்களுக்கு முதன்முதலில் இணையத்தைக் காட்டியது, உலகம் தோல்வி என்று எழுதிவிட்ட ஒரு நிரலின் கிளைதான். ஆயினும் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயர்பாக்ஸ் ஓஎஸ்ஸின் மேற்பகுதிக்கு இருந்த உரிமம், எடுத்துத் திருத்துபவர் தம் திருத்தத்தை மூடி வைத்துக்கொள்வதற்கும் இடம் கொடுத்தது. ஆகவே பொதுக் கிணற்றில் இறைத்த நீர், தனியார் தொட்டியிற் போய்ச் சேர்ந்தது. உரிமத்தின் சொற்கள் வெறும் வக்கீல் சொற்கள் அல்ல. நாளைக்கு யார் கையில் சாவி இருக்கும் என்பதை அவையே முடிவு செய்கின்றன.

இக்கருவிகளைக் காப்பவர்கள் கையாளும் முறைகள் இரண்டு. கைப்பேசியின் கேமரா, திரை, மோடம் போன்றவற்றை இயக்கும் நிரல்களைச் சில்லு செய்பவர்கள் பெரும்பாலும் மூடியே தருகிறார்கள். அம்மூடிய நிரல்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றோடு பேசுவதற்கு லிப்ஹைப்ரிஸ் போன்ற துபாஷியை இடையில் அமைத்து, மேலே புதிய இயங்குதளத்தை ஏற்றுவது முதல் முறை. விரைவில் பலன் தரும். ஆனால் அக்கருவிக்கென்று வந்த பழைய லினக்ஸ் கருவோடு கட்டுண்டே கிடக்க வேண்டும். உபுண்டு டச் பல கருவிகளில் இம்முறையையே பின்பற்றுகிறது. மூடிய நிரல்களை இயன்றவரை தவிர்த்து, ஒவ்வோர் உறுப்புக்கும் திறந்த இயக்கியை எழுதிப் பொதுக் கருவிலேயே சேர்ப்பது இரண்டாம் முறை. 2017 மே மாதத்தில் வெளிவந்த போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற திட்டம் இதனை நாடுகிறது. ஒரு கைப்பேசிக்குப் பத்தாண்டு ஆயுள் என்பது அதன் குறிக்கோள். இம்முறை கடினமானது. திரை எரிவதற்கு ஓராண்டு, ஒலி வருவதற்கு மற்றோர் ஆண்டு, கேமரா இன்னும் இல்லை என்ற நிலையில் பல கருவிகள் நிற்கின்றன. முதல் முறை ஒட்டுப் போடுவது. இரண்டாவது முறை அடித்தளம் இடுவது. இரண்டுமே வேண்டியவை.

சிலர் கேட்கலாம்: "செத்த கருவியை ஏன் கட்டி அழ வேண்டும்? புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டால் ஆயிற்று." இதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். குறைபாடுகள் உண்மையாகவே உள்ளன. இயங்குதளத்தைத் திருத்திய கைப்பேசியில் வங்கிச் செயலிகள் பல இயங்க மறுக்கின்றன. ஓட்டை அடைக்கப்படாத பழைய இயங்குதளத்தில் பணப் பரிமாற்றம் செய்வது அறிவுடைமையும் ஆகாது. மென்பொருளை எவ்வளவு புதுப்பித்தாலும் அலைவரிசை மாறிவிட்டால் வழியில்லை. அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டில் பெரிய நிறுவனங்கள் மூன்றாம் தலைமுறைச் சேவையை நிறுத்தியபோது, அதை நம்பிய கைப்பேசிகள் அங்கே வாய்மூடிப் போயின. பூட்லோடர் என்னும் வாயிற்கதவைத் திறக்க முடியாதபடி பூட்டிவிட்ட கருவிகளில் தன்னார்வலரால் நுழையவே இயலாது. இவை எல்லாம் மெய்யே.

ஆனால் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன்; முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடு மட்டுமே. ஒரு கைப்பேசி தன் வாழ்நாளில் சுற்றுச்சூழலுக்குச் செய்யும் கேட்டில் பெரும்பகுதி, அதைப் பயன்படுத்தும்போது அன்று, செய்யும்போதே நேர்ந்துவிடுகிறது. ஆகவே அதனை இன்னும் சில ஆண்டுகள் கையாளுவதே நாம் செய்யக்கூடிய எளிய சிக்கனம். இது வீண் கற்பனை அன்று. பேர்போன் என்ற டச்சு நிறுவனம் 2015-இல் வெளியிட்ட இரண்டாவது கைப்பேசிக்குச் சில்லு நிறுவனத்தின் துணை இடையிலேயே நின்றுவிட்டது. எனினும் திறந்த மென்பொருள் அன்பர்களின் உழைப்பையும் துணையாகக் கொண்டு, 2023 வரை, ஏழாண்டுக்கு மேலாக, அதற்குப் புதுப்பிப்புகளை வழங்கிவந்தது. ஒரு சிறு நிறுவனத்தால் ஆனது, பெரிய நிறுவனங்களால் ஏன் ஆகாது?

குப்பையைக் காட்டிலும் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அது உரிமையைப் பற்றியது. காசு கொடுத்து நிலம் வாங்குகிறோம். பத்திரம் நம் பெயரில் இருக்கிறது. விற்றவர் பத்தாண்டு கழித்து வந்து, "இனி இதில் பயிரிடக் கூடாது" என்று சொன்னால் ஒப்புவோமா? கைப்பேசியில் மட்டும் ஒப்புகிறோம். கடன் வாங்கிக் கைப்பேசி வாங்கும் கூலித் தொழிலாளி, தவணை முடிந்த சில காலத்திற்குள் அது காலாவதியாகிவிட்டது என்று கேட்கும்போது, அவனுக்கு நேரும் இழப்பு நிறுவனத்தின் கணக்கில் எங்கும் எழுதப்படுவதில்லை. இந்த நியாயத்தை அரசுகளும் மெல்ல உணரத் தொடங்கியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், விற்பனை முடிந்தபின் ஏழாண்டு வரை முக்கிய உதிரி உறுப்புகள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கின்றன. மென்பொருள் புதுப்பிப்புகளைப் பற்றியும் அவை பேசுகின்றன. இந்திய அரசும் 2022-ஆம் ஆண்டில் செப்பனிடும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்து, அதற்கென ஓர் இணையதளத்தையும் அவ்வாண்டு இறுதியில் தொடங்கியது. ஆனால் சட்டம் வாயிலைத் திறக்குமேயன்றி, உள்ளே நுழைந்து வேலை செய்யக் கைகள் வேண்டும்.

வாழ்நாளில் பெரும்பகுதியை வகுப்பறையில் கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்த சிறுவனே பிற்காலத்தில் பொறியியல் அறிந்தான். பிரிக்க முடியாத கருவிகளை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைகள் அவற்றைப் பயன்படுத்தக் கற்பார்களேயன்றி, செய்யக் கற்கமாட்டார்கள். மூடிய கருவி மாணவனுக்கு ஒரு சுவர். திறந்த நிரல் அவனுக்கு ஒரு பாடநூல். பழுதாகிவிடுமோ என்ற அச்சமின்றி ஒரு பழைய கைப்பேசியில் புதிய இயங்குதளம் ஏற்றிப் பார்க்கும் மாணவன், கணினி எவ்வாறு விழிக்கிறது, கருவுக்கும் உறுப்புக்கும் இடையே என்ன உரையாடல் நடக்கிறது என்பவற்றை ஏட்டில் படிப்பதைவிடத் தெளிவாக உணர்கிறான். அவன் முதல் முயற்சியில் தோற்கலாம். பத்தாவது முயற்சியிலும் தோற்கலாம். ஒவ்வொரு தோல்வியும் ஒரு பாடமாகும்.

ஆகவே, கேட்டுக்கொண்டிருக்கும் அன்பர்களே, நாம் செய்யத் தக்கவை சில உள்ளன. புதிய கைப்பேசி வாங்கும்போது கேமராவின் ஆற்றலை மட்டும் கேளாமல், எத்தனை ஆண்டுகள் புதுப்பிப்பு வரும், மின்கலத்தை மாற்ற இயலுமா, பூட்லோடரைத் திறக்க விடுவார்களா என்றும் கேளுங்கள். கேட்பார் பலரானால் விற்பாரும் மாறுவர். பழைய கைப்பேசியை அலமாரியில் அடைத்து வைக்காமல், அதற்கு லீனியேஜ் ஓஎஸ், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், உபுண்டு டச் போன்றவற்றுள் ஏதேனும் பொருந்துமா என்று விவரம் அறிந்த இளைஞர் ஒருவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் படங்களையும் கடிதங்களையும் முதலில் வேறிடத்தில் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனில் புதிய இயங்குதளம் ஏற்றும்போது பழையவை துடைக்கப்பட்டுவிடும். பேசுவதற்கு உதவாத கருவியும் நூல் படிக்க உதவும். பாட்டுக் கேட்க உதவும். மாணவனுக்குச் சோதனைச் சாலையாக உதவும். எதற்கும் உதவாது என்று உறுதியானால், முறையாக மறுசுழற்சி செய்பவரிடம் சேர்த்துவிடுங்கள், குப்பைமேட்டில் எறியாதீர்கள்.

லீனியேஜ் ஓஎஸ் என்று குறிப்பிட்டேன். சயனோஜன்மோட் திட்டத்திற்கு ஆதரவாக இருந்த நிறுவனம் 2016 டிசம்பரில் தன் சேவைகளை நிறுத்திக்கொண்டது. சர்வர்கள் நின்றன, பெயரின் உரிமையும் நிறுவனத்திடமே இருந்தது. அன்பர்கள் நிரலை மட்டும் எடுத்துக்கொண்டு, வேறு பெயர் சூட்டி, பணியைத் தொடர்ந்தனர். அவர்கள் தேர்ந்த பெயருக்கு மரபுவழி என்பது பொருள். கடை மூடலாம், பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு போகலாம், ஆனால் செய்முறை ஊராரிடம் இருக்குமானால் அடுப்பு அணைவதில்லை. அந்த அடுப்பில் நம் பிள்ளைகளும் ஒரு விறகு எடுத்து வைக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.